ஐஸ் கம்பெனிச் சுவரில் திறந்த ஜன்னல்

புயல் கரையைக் கடந்து போய், கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடியும் நீலமாகி, அலவன்துறையின் ஆண்கள் முறிந்து கிடந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்திக்கொண்டும், பெண்கள் திரும்பி வராத போட்டுகளுக்காக மணலில் உட்கார்ந்துகொண்டும் இருந்த ஒரு காலையில், ஊரின் தென்கோடியில் இருக்கும் ஐஸ் கம்பெனியின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. கம்பெனி கட்டிய நாளிலிருந்து அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. உள்ளே இருக்கும் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு சின்ன ஓட்டைகூட வைக்காமல் கட்டி, சுண்ணாம்பு அடித்து, கடலைப் பார்க்க நிறுத்திவைத்த சுவர் அது. முதலில் பார்த்தது மீன் சுமக்கும் தெரேசம்மாள். அவள் கூடையை இறக்கி வைத்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நேரே கோயிலை ஒட்டிய தகவல் அறைக்கு நடந்து வந்து வாசலில் நின்று சொன்னாள்:

"ரொசிட்டா, ஒனக்க ஜன்னல் அங்க ஐஸ் கம்பெனிச் சுவத்துல கெடக்கு பிள்ளே."

ரொசிட்டா அப்போது அந்த ஜன்னலைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளும் அவள் புருஷன் பெர்க்மான்ஸும் நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். கல்யாணம் முடிந்து அவனுடைய ஊரான அலவன்துறைக்கு வந்த பிறகு, ஊருக்கென்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ப்ரோகிராம் எழுதினார்கள். கடலில் இருக்கும் போட்டுகள் வயர்லெஸ்ஸில் சொல்லும் இடத்தையும் சேதியையும் வாங்கி, தகவல் அறையிலுள்ள கம்ப்யூட்டர் திரையில் காட்டுவது அதன் வேலை. ஓர் ஆளின் பெயரை எழுதித் தேடினால் அவர் போன போட்டு எங்கே என்று சொல்லும். திரையில் தெரிகிற ஜன்னலை வரைந்தது பெர்க்மான்ஸ். பெயர் எழுதும் கட்டம் எங்கே, பெயர்ப் பட்டியல் எங்கே, பொத்தான் என்ன நிறம், அதன் மேல் என்ன எழுத்து என்பதெல்லாம் அவன் பாடு. அந்த வரைபடம் தனியாக ஒரு கோப்பில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதியது ரொசிட்டா. அது வேறு கோப்பு. ப்ரோகிராம் ஓடத் தொடங்கியதும் முதலில் ஜன்னல் கோப்பைத் தேடிப் போகும். சொல்லிவைத்த இடங்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கும். கிடைத்துவிட்டால் அதைத் திறந்து, ஜன்னலைத் திரையில் நிறுத்தி, ஒவ்வொரு பொத்தானுக்கும் ரொசிட்டா எழுதிய வேலையைக் கட்டிவிடும். கட்டாதவரைக்கும் அது பொத்தான் போல இருக்கிற ஒரு படம், அவ்வளவுதான்.

கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போட்டின் குரல் அறுந்து போகிறது என்று நேரில் பார்த்தால்தான் சரிப்படும் என்று சொல்லி, பெர்க்மான்ஸ் தன் அண்ணனுடைய போட்டில் ஏறிப் போனான். படிப்பு முடித்த பிறகு அவன் கடலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. "நான் வாறதுக்குள்ள அந்தப் பச்சை பட்டனைச் சாம்பல் கலரா மாத்திராத, கேட்டியா?" என்று மணலில் நின்றபடி சிரித்தான். ரொசிட்டாவுக்கு அந்தப் பச்சை பிடிக்காது, கிளிப்பச்சை. புயல் வரப்போகிறது என்ற சேதி கரைக்கு வந்தபோது போட்டுகள் குரல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தன. ரொசிட்டா தகவல் அறையில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பிறகு கரண்ட் போனது. பிறகு கோயில் முற்றம்வரை கடல் வந்தது.

கரண்ட் திரும்பி வந்து அவள் கம்ப்யூட்டரைத் துடைத்து உயிர்ப்பித்தபோது ப்ரோகிராம் ஓடத் தொடங்கி, ஜன்னல் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அவள் எழுதிய கோப்புகள் எல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தன. அவன் வரைந்த கோப்பு மட்டும் இல்லை. ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் பார்த்தாள். அதற்கு மேலே உள்ளதில், கீழே உள்ளதில், குப்பைத்தொட்டியில், பிரதி எடுத்து வைத்த பென்டிரைவில், பெர்க்மான்ஸின் மடிக்கணினியில், நாகர்கோவில் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் பார்த்தாள். கோப்பின் பெயர் தப்பாக இருக்குமோ என்று வேறு பெயர்களில் தேடினாள். ஹெலிகாப்டர் கடலுக்கு மேலே சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும் சத்தம் வெளியே கேட்கும். அவள் குனிந்த தலை நிமிராமல் தேடுவாள். ஆளைத் தேடக் கடலுக்குப் போக அவளால் முடியாது. கோப்பைத் தேட முடியும்.

தெரேசம்மாள் சொன்னதும் எழுந்து, செருப்புப் போடாமல் நடந்து போனாள்.

ஐஸ் கம்பெனிச் சுவரில் ஆள் உயரத்துக்கு அந்த ஜன்னல் திறந்திருந்தது. பின்னால் வானமோ கம்பெனியோ தெரியவில்லை. வெளிறிய சாம்பல் நிறம்தான் தெரிந்தது. மேலே தலைப்புப் பட்டையில் 'கரையும் கடலும்' என்று அவன் வைத்த பெயர். அதன் கீழே பெயர் எழுதும் வெள்ளைக் கட்டம், கட்டத்துக்குள் அணைந்து அணைந்து எரிகிற ஒரு கோடு, அதற்கும் கீழே காலியான பட்டியல், ஓரத்தில் கிளிப்பச்சையில் 'தேடு' என்று பொத்தான். ரொசிட்டா பொத்தானைத் தொட்டாள். ஐஸ் போலக் குளிர்ந்தது. அமுக்கினாள். உள்ளே போய் வெளியே வந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. அவள் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். புயல் வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதாள் என்று தெரேசம்மாள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

ஊர் அதைப் பார்த்துத் திகைத்து நின்றதாக யாரும் சொல்ல முடியாது. கடல் கோயில் முற்றத்தில் வந்து நின்றதையும், வீட்டுக்குள் புகுந்து அரிசிப் பானையை எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்தவர்களுக்கு, சுவரில் ஒரு ஜன்னல் திறப்பது பெரிய காரியமாகப் படவில்லை. பங்குச்சாமி லூக்காஸ் வந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் ஜன்னல் மேல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூசை நேரத்தில் மட்டும் யாரும் அங்கே போய் நிற்கக் கூடாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஐஸ் கம்பெனி ஹென்றி, உள்பக்கம் போய்ப் பார்த்தால் சுவர் சுவராகவே இருக்கிறது, குழாய்கள் குழாய்களாகவே இருக்கின்றன, குளிர் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, "சுவரு எனக்க, ஜன்னலு ஒங்களுக்க, யாருக்கும் வழக்கு வேண்டாம்" என்றார். பிறகு அவரே மழைக்கும் வெயிலுக்கும் ஒரு தகரக் கூரை இறக்கிக் கொடுத்தார். வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து ஜன்னலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் டீ குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளைக் கட்டத்தில் விரலால் எழுதினால் எழுத்து நின்றது. இதைக் கண்டுபிடித்தவள் பெர்க்மான்ஸின் அம்மா சிலுவையம்மாள். அவளுக்கு எழுதத் தெரியாது. சும்மா தடவிப் பார்த்தாள். தடவிய இடத்தில் ஒரு கோணல் கோடு வந்து நின்றது. உடனே மருமகளைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"எனக்க ரெண்டு மக்களுக்க பேரையும் எழுது."

"மாமி, இதுல எழுதி..."

"எழுது மக்களே. நான் வேற ஒண்ணும் ஒங்கிட்ட கேக்கல்லியே."

ரொசிட்டா முதலில் புருஷனுடைய அண்ணன் பெயரை எழுதினாள். பிறகு, கல்யாணப் பத்திரிகைக்கும் வங்கிக் கணக்குக்கும் எத்தனையோ முறை எழுதிய பெயரை, அவன் வரைந்த கட்டத்துக்குள் அவள் எழுதினாள். பெர்க்மான்ஸ். எழுதி முடித்ததும் பெயர் நகர்ந்து கீழே பட்டியலில் போய் உட்கார்ந்தது. சிலுவையம்மாள் சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டாள், பிள்ளைகளின் முகத்தைத் துடைப்பது போல.

அன்றைக்கே மற்றப் பெண்களும் வந்தார்கள். போட்டுக்காரர்கள் பெயர், கூலிக்குப் போனவர்கள் பெயர், புயல் நேரத்தில் போட்டிலிருந்த வடக்கத்தி வேலையாட்களின் பெயர், முழுப்பெயர் தெரியாதவர்களின் செல்லப்பெயர் எல்லாம் பட்டியலில் ஏறின. ஒவ்வொருவரும் எழுதிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். அமுக்கிவிட்டுக் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்தார்கள். மறுநாள் மறுபடி வந்து அமுக்கினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் போகிற வழியில் அமுக்கிவிட்டுப் போயின. காலையில் முகம் கழுவுவது போல, கோயிலைக் கடக்கும்போது சிலுவைக் குறி போடுவது போல, அது ஊரின் பழக்கமானது.

சேதி பரவியது. முதலில் பக்கத்துத் துறைக்காரர்கள் வந்தார்கள், கடலில் போனவர்களின் பெயரோடு. பிறகு கடலே தெரியாத ஊர்களிலிருந்து வந்தார்கள். சந்தைக்குப் போன மகள் திரும்பவில்லை என்று ஒரு தாய் வந்தாள். சித்தம் கலங்கி ரயிலேறிப் போன அப்பாவின் பெயரை எழுத ஒருவன் மலையடிவாரத்திலிருந்து வந்தான். அரபு நாட்டுக்குப் போனவர்கள், மில்லுக்குப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் என்று, நம்முடைய நாட்டில் இவ்வளவு பேரா காணாமல் போயிருக்கிறார்கள் என்று நினைக்கும்படி பெயர்கள் வந்தன. பட்டியலின் ஓரத்தில், பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பதற்கென்று பெர்க்மான்ஸ் ஒரு நகரும் கட்டையை வரைந்திருந்தான். பட்டியல் நீள நீள அந்தக் கட்டை குறுகும். முதலில் முழங்கை நீளம் இருந்தது, விரல் நீளமாகி, நகமாகி, கடைசியில் அரிசி மணி அளவுக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்து நகர்த்தக் கிழவிகளின் விரலுக்கு வரவில்லை. பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்துக்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்டக்டர் "ஜன்னல் எறங்கு, ஜன்னல் எறங்கு" என்று கூவுவான். கையில் பழைய போட்டோவுடன் நாலு பேர் இறங்குவார்கள்.

இத்தனையிலும் பொத்தான் உள்ளே போய் வெளியே வந்ததே தவிர, ஒன்றும் நடக்கவில்லை.

"ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?" என்று ஒரு நாள் சிலுவையம்மாள் கேட்டாள். மாமியாரும் மருமகளும் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பட்டனுக்குப் பொறத்தால ஒண்ணும் இல்ல மாமி. அவரு வரைஞ்சதுதான் அங்க இருக்கு. நான் எழுதினது இங்க கம்ப்யூட்டர்ல கெடக்கு. ரெண்டும் சேரல்ல."

"ஒண்ணும் இல்லாமலா அமுங்குது?"

"அமுங்கும். அமுங்குற மாதிரிதான் அவரு வரைஞ்சிருக்காரு."

சிலுவையம்மாள் மீனைக் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். "அப்ப நீதான் சேக்கணும்" என்றாள்.

ரொசிட்டா கழுவிய மீனைச் சட்டியில் எடுத்துப் போட்டாள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஜன்னல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ப்ரோகிராமுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவே. சொன்னால் அது போய்த் திறக்கும், திறந்தால் பொத்தானோடு வேலையைக் கட்டும், கட்டினால் தேடும். தேடினால் பதில் வரும். அந்தக் கடைசிப் படியைத்தான் அவள் நினைக்க விரும்பவில்லை. வேலை செய்யாத பொத்தான் இல்லை என்று சொல்லாது. அதை அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அவனுடைய சட்டைகளை வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்து, மறுநாளும் அமுக்கப் போகலாம். சாகும்வரை அப்படிப் போகலாம். அவள் தகவல் அறைக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் கம்ப்யூட்டரில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது என்றாள்.

ஆனால் ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் கேட்டது, ரேஷன் கடையில் கேட்டது, கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும்போது கேட்டது. தெரேசம்மாள் வாயைத் திறந்தே சொன்னாள்: "என்ன பதில் வருமோன்னு ஒனக்குப் பேடி. எங்களுக்கும் பேடிதான். அதுக்காக இப்பிடியே சுவத்தத் தடவிட்டு இருக்க முடியுமா பிள்ளே? கல்யாணம் நிச்சயம் பண்ணி வச்ச பிள்ளைய வீட்டுல வச்சிட்டு, தகப்பன் உண்டா இல்லியான்னு தெரியாம நான் என்ன செய்ய?" அவள் புருஷனும் பெர்க்மான்ஸ் ஏறிப் போன போட்டில்தான் போயிருந்தான்.

ஒரு மத்தியானம் ரொசிட்டா போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஜன்னல் கோப்பைத் தேட வேண்டிய இடம் என்று இருந்த வரியில் பழைய ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டு, அலவன்துறை, தென்கோடி, ஐஸ் கம்பெனி, மேற்குச் சுவர் என்று எழுதினாள். இதைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்று அவள் படித்த படிப்பு சொன்னது. ஏற்காமல் போகட்டும் என்று அவள் மனம் வேண்டியது. ப்ரோகிராமை ஓட்டினாள். கோப்பு கிடைத்தது, திறந்தாயிற்று என்று வந்தது.

தென்கோடியிலிருந்து கூக்குரல் கேட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் ஊரே தகரக் கூரையின் கீழே நின்றது. சாம்பல் நிறமாக இருந்த ஜன்னல், விளக்கேற்றின வீடு மாதிரி வெளிச்சமாக இருந்தது. பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் தாமாக மாறி உட்கார்ந்திருந்தன. யாரும் பொத்தானைத் தொடவில்லை. அத்தனை நாள் சர்வசாதாரணமாக அமுக்கியவர்கள், இப்போது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பங்குச்சாமி ஒரு செபம் சொன்னார்; தெரேசம்மாள் முன்னே போய் அமுக்கினாள்.

ஜன்னலின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது.

"என்னவாக்கும் இது?"

"தேடுது" என்றாள் ரொசிட்டா.

மழைக்காலம் முழுக்க அது தேடியது. எங்கே தேடியது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் சில நாட்களில் ஜன்னலிலிருந்து வெட்டிவேர் மணம் வந்தது, சில நாட்களில் டீசல் மணம். ஒரு நாள் அதன் கீழ் விளிம்பிலிருந்து மணல் கொட்டியது, அது நம் ஊர்க் கடற்கரை மணல் இல்லை, சிவப்பாக, பொடியாக, வேறெங்கோ உள்ள பாலைவனத்து மணல். பெண்கள் கூரையின் கீழே பாய் விரித்து வலை முடிந்துகொண்டே சக்கரத்தைப் பார்த்தார்கள். குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கின. ஊரில் அந்தக் காலம் முழுக்க யாரும் உரக்கப் பேசவில்லை. ரொசிட்டாவுக்கு மட்டும் சக்கரத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் மாமியாருக்குப் பக்கத்தில் கடலைப் பார்க்க உட்கார்ந்திருப்பாள். அந்தச் சக்கரத்தை வரைந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் சுற்றினாலும் அதற்குத் தேடுவதைப் பற்றி எதுவும் தெரியாது, சுற்ற மட்டும்தான் தெரியும்.

மழை ஓய்ந்து வெயில் வந்த பொழுதில் சக்கரம் நின்றது. பெரிய ஜன்னலின் மேல் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதில் இரண்டே வரி.

'அலவன்துறைப் போட்டுகளில் போனவர்கள்: தேடச் சொன்ன இடங்களில் எல்லாம் தேடியாயிற்று. கிடைக்கவில்லை.'

அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். அதில் 'சரி' என்று எழுதியிருந்தது.

படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் படித்தவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ரொசிட்டா எதிர்பார்த்திருந்த அழுகை எழவில்லை. தெரேசம்மாள் மட்டும், "இதுல 'இல்லை'ன்னு ஒரு பட்டன் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இந்தச் சின்ன ஜன்னலுக்கு அது ஒண்ணுதான்."

"அப்ப அமுக்கண்டாம்" என்றாள் தெரேசம்மாள். கூட்டத்திலிருந்து இன்னொருத்தியும் சொன்னாள்: "அமுக்கண்டாம்." யாரும் கூட்டம் போடாமல், யாரும் தீர்மானம் வாசிக்காமல், அது ஊரின் முடிவாகிவிட்டது. காக்கை கொத்திவிடக் கூடாது, ஆடு உரசிவிடக் கூடாது, சின்னப் பிள்ளைகள் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று பழைய வலையை அந்தச் சின்ன ஜன்னலின் முன்னால் கட்டித் தொங்கவிட்டார்கள். முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அமுக்காதவரைக்கும் பதில் வந்ததாகக் கணக்கில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. துக்கமணி அடிக்கவில்லை. யாரும் தாலியைக் கழற்றவில்லை. ரொசிட்டா அவனுடைய சட்டைகளை மறுபடி வெயிலில் போட்டாள்.

ஆனால் அந்தச் சின்ன ஜன்னல் நிற்கிறவரைக்கும் பெரிய ஜன்னலில் வேறு எந்த வேலையும் நடக்காது. கட்டத்தில் எழுத்து விழவில்லை. பட்டியல் நகரவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் கையில் போட்டோவுடன் கூரைக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். முதலில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். ஒரு நாள் வாய்த்தகராறு முற்றி, வலையை இழுக்க வந்த ஒருவனைக் காவலிருந்த பெண்கள் தள்ளிவிட்டார்கள். அவன் கை எலும்பு பிசகியது. அதற்குப் பிறகு அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பகையாளிகள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள், எல்லோரும் காணாமல் போனவர்களுடைய ஆட்களாக இருந்தும்.

அந்தக் கூட்டத்தில் பீர்க்கண்ணு என்று ஒருவர். பீடி சுற்றுகிறவர், வயதானவர். ஒரே தம்பி அரபு நாட்டில் ஒட்டகம் மேய்க்கப் போய், போன் வருவது நின்று, பிறகு ஒன்றுமே வராமல் போனது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தினமும் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ் வரைக்கும் கூரையின் நிழல் விழுகிற விளிம்பில் குந்தி இருந்துவிட்டுப் போவார். ஒரு நாள் காவல் முறை சிலுவையம்மாளுக்கு. ரொசிட்டா சோறு கொண்டுவந்திருந்தாள். சிலுவையம்மாள் தன் தூக்குப் பாத்திரத்திலிருந்து அவருக்கும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மெதுவாகச் சொன்னார்:

"எம்மோ, தப்பா எடுக்கப்பிடாது. ஒங்களுக்குப் பதில் வந்தாச்சு. எங்களுக்குக் கேள்வியே கேக்க முடியல்ல."

சிலுவையம்மாள் தூக்குப் பாத்திரத்தை மூடினாள். அவள் பார்வை வெயிலில் நிற்கிறவர்கள் மேல் போனது. தொட்டில் துணியில் குழந்தையைத் தோளில் கட்டியிருந்த ஒரு பெண், போட்டோவைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்திருந்த ஒரு முதியவர், எழுதிக் கொண்டுவந்த பெயரை மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்ற ஒரு பையன். கடைசியில் அவள் எழுந்தாள். வலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"மாமி" என்றாள் ரொசிட்டா.

"இந்தப் பட்டன்ல என்ன எழுதியிருக்கு மக்களே?"

"சரின்னு எழுதியிருக்கு."

"எது சரி?"

ரொசிட்டா பொத்தானைப் பார்த்தாள். ஆயிரம் ப்ரோகிராம்களில் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள், அவளே எத்தனையோ இடத்தில் வைத்திருக்கிறாள், எது சரி என்று ஒருவரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. சிலுவையம்மாள் பொத்தானின் மேல் கையை வைத்தாள். பிறகு, "நீயும் கைய வையி. அவன் ஒனக்கும் உள்ளவன்தானே" என்றாள்.

ரொசிட்டா மாமியாரின் கையின் மேல் தன் கையை வைத்தாள். இருவரும் அமுக்கினார்கள்.

சின்ன ஜன்னல் சத்தமில்லாமல் மூடியது. பட்டியலில் அலவன்துறைப் பெயர்கள் ஒவ்வொன்றாக மங்கி, அந்த இடங்களை மற்றப் பெயர்கள் மேலே ஏறி நிரப்பிக்கொண்டன. பெர்க்மான்ஸ் என்ற பெயர் போவதை ரொசிட்டா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஆறு எழுத்து இருந்த இடத்தில் ஒரு கணம் வெறும் வெள்ளை. பிறகு அங்கே யாரோ ஒரு பேச்சியம்மாள். சிலுவையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போனாள். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "ஆயாச்சு" என்று மட்டும் சொன்னாள். யாரும் அவளை வையவில்லை. தெரேசம்மாள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசல் மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அலறினாள். அந்த அலறல்தான் ஊரில் முதலாவது. பிறகு வீட்டுக்கு வீடு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. மெல்ல, ஒவ்வொரு அடிக்கும் இடையில் நீண்ட இடைவெளி விட்டு, ஓர் ஆளுக்கு ஓர் அடி.

ரொசிட்டாவால் போக முடியவில்லை. வெயிலில் நின்றவர்கள் கூரைக்குள் வந்துவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். பீர்க்கண்ணு முன்னால் நின்றார். தம்பியின் பெயரைச் சொன்னார். அவள் எழுதினாள். பெயர் நகர்ந்து பட்டியலில் போய் உட்கார்ந்தது. அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினார். சக்கரம் தோன்றியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது; அவர் அதை மதிக்கும் விதமாகத் தொப்பியைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"மோளே, கிட்டுமா?"

ரொசிட்டா அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோயிலில் அடுத்த அடி விழுந்தது. அது யாருக்கு என்று அவள் எண்ணவில்லை.

"தேடுது வாப்பா" என்றாள். "பாருங்க, தேடிக்கிட்டுத்தான் இருக்கு."